எண்பத்து மூன்று வாக்கியங்கள்: மழலையர் பெற்றோருக்கான ஓர் ஆறு வார வகுப்பு

கடந்த ஆறு சனிக்கிழமைகளாக நானும் என் மூன்றரை வயது மகளும் ஒரு வகுப்புக்குப் போய்வந்தோம். சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் சிறிய குடும்ப நிலையம் அதை நடத்துகிறது. இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கானது. காலை 10 மணிக்குத் தொடங்கி 11.30க்கு முடியும், ஒரு குடும்பத்துக்கு 180 வெள்ளி. நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. மூன்றாம் வார வகுப்பைப் பற்றி ஒரு குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் குறை இந்த ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியது என்று நான் எண்ணவில்லை.

வகுப்பின் நோக்கத்தை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எழுத்தோ எண்ணோ கற்றுத்தருவதில்லை. தனக்கொரு மனம் இருப்பதைப் போலவே மற்றவருக்கும் ஒரு மனம் உண்டு, தனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலிருக்கலாம், தான் விரும்புவதை அவர் விரும்பாமலிருக்கலாம் என்பதைக் குழந்தை எப்படிப் புரிந்துகொள்ளத் தொடங்குகிறது, அதில் வீட்டாரின் பேச்சுக்கும் பிணைப்புக்கும் என்ன பங்கு என்பதே ஆறு வாரத்துக்கும் பொருள். இந்த வயதிலேயே வாசிப்பையும் கணக்கையும் தேடி ஓடும் நம் ஊரில், இப்படியொரு பொருளை எடுத்துக்கொண்டு அதிலிருந்து விலகாமல் ஆறு வாரம் நடத்துவதே பாராட்டுக்குரியது.

எட்டுக் குடும்பங்கள் வந்திருந்தன. அவற்றுள் ஐந்து தமிழ்க் குடும்பங்கள். பயிற்றுநர் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசினார். முதல் வாரம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளையோடு பத்து நிமிடம் மரக்கட்டைகளை வைத்து விளையாடியதைப் படம்பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பணம் என்று அன்று வீட்டுக்கு வரும் வழியில் நினைத்ததை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வாரம் அந்த எண்ணம் அடியோடு மாறிற்று.

அன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் தந்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நாம் பேசிய எல்லா வாக்கியங்களையும் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தார்கள். என் தாளில் எண்பத்து மூன்று வாக்கியங்கள் இருந்தன. அவற்றைக் கேள்வி, ஏவல், பெயர் சொல்லுதல், பாராட்டு, மனத்தைப் பற்றிய பேச்சு என்று நாமே வண்ணப் பென்சிலால் பிரிக்க வேண்டும். எனக்கு வந்த கணக்கு இது: முப்பத்தெட்டு கேள்விகள், இருபத்தொன்பது ஏவல்கள். “இது என்ன கலர்?”, “எத்தனை இருக்கு, எண்ணு பாப்போம்”, “அதை அங்க வைக்காத”, “நேரா உக்காரு.” பெயர் சொன்னதும் பாராட்டியதும் போக, அவள் நினைப்பதையோ விரும்புவதையோ உணர்வதையோ தொட்டவை மூன்றே மூன்று. அந்த மூன்றில் இரண்டு, “இது என்னன்னு உனக்குத் தெரியுமா?” என்ற தேர்வுக் கேள்விகள். மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்றைத்தான் பயிற்றுநர் திரையில் ஓடவிட்டார். மகள் ஒரு நீளமான கட்டையை இரண்டு கட்டைகளுக்கு நடுவிலிருந்த இடுக்கில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது நுழையவில்லை, திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிறாள். நான் சொல்கிறேன்: “போரடிக்குதா பாப்பா? வேற விளையாடலாமா?” பயிற்றுநர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, “அவ முகத்தை மட்டும் பாருங்க” என்றார். நாக்கின் நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்க்கிறது. கண் இமைக்கவில்லை. மூச்சைக்கூட அவள் பிடித்து வைத்திருப்பது அந்த அசையாப் படத்திலேயே தெரிந்தது. போரடிக்கும் குழந்தையின் முகம் அதுவன்று. அவளுக்குள் நடந்துகொண்டிருந்த ஒன்றை நான் பார்க்கவில்லை. எனக்கிருந்த சலிப்பை அவள்மேல் ஏற்றிச் சொல்லியிருந்தேன். படத்தில் அடுத்த நொடியே அவள் கட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

இதற்குப் பின்னால் உள்ள ஆய்வையும் அன்று விளக்கினார்கள். அதை நான் பிறகு தேடிப் படித்தேன். இங்கிலாந்தைச் சேர்ந்த எலிசபெத் மைன்ஸும் அவருடைய குழுவினரும், ஆறு மாதக் குழந்தையோடு விளையாடும்போது தாய்மார் பேசுவதைப் பதிவு செய்து, குழந்தையின் மனத்தைப் பற்றி அவர்கள் சொன்னவற்றை இரண்டாகப் பிரித்தார்கள்: அந்நேரத்தில் குழந்தை செய்வதற்குப் பொருந்தியவை ஒரு பக்கம், பொருந்தாதவை மறுபக்கம். 2001இல் வெளியான ஆய்வில், பொருந்திய பேச்சு மிகுந்த தாய்மாரின் குழந்தைகளிடம் ஒரு வயதில் உறுதியான பிணைப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், 57 தாய்–சேய் இணைகளை நான்கு வயதை நெருங்கும்வரை தொடர்ந்து பார்த்தபோது, ஆறாம் மாதத்தில் கேட்ட அதே பொருந்திய பேச்சு, பிள்ளை பிறர் மனத்தை எவ்வளவு புரிந்துகொள்கிறது என்பதையும் முன்கூட்டிச் சுட்டியது. மனத்தைப் பற்றிய சொற்களை எண்ணிக்கையில் கூட்டிவிட்டால் மட்டும் போதாது என்பதே இதில் நான் எடுத்துக்கொண்ட செய்தி. பார்த்துவிட்டுப் பேச வேண்டும். என் “போரடிக்குதா” எண்ணிக்கையில் சேரும், பொருத்தத்தில் சேராது.

இப்படிப்பட்ட ஒரு மணி நேரத்தை எனக்கு வேறு எந்த வகுப்பும் தந்ததில்லை. பிள்ளையைத் திருத்துவதாக வாக்களிக்கும் வகுப்புகள் ஏராளம். பெற்றோரின் காதையும் கண்ணையும் பழக்குபவை குறைவு. இரண்டாம் வாரத்துக்கு மட்டுமே 180 வெள்ளி கொடுக்கலாம் என்று சொல்வேன்.

மூன்றாம் வாரம்தான் எனக்கு வருத்தம் தந்தது. பொருள் பிணைப்பு. அன்று நான் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு போனார். குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்த ஜான் போல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் ஆகியோரின் பணியை அரை மணி நேரத்தில் சுருக்கிச் சொன்னார்கள். தாய் சில நிமிடம் அறையைவிட்டு வெளியேறித் திரும்பி வரும்போது ஒரு வயதுக் குழந்தை அவரை எப்படி எதிர்கொள்கிறது என்று பார்க்கும் ஐன்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற சோதனைப் படத்தையும் காட்டியிருக்கிறார்கள். அதுவரை சரி. பிறகு ஒரு வினாத்தாளைக் கொடுத்து, உங்கள் பிள்ளையின் பிணைப்பு உறுதியானதா தளர்ந்ததா, எந்த வகை என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம். அதோடு, முதல் இரண்டு ஆண்டுகளில் தாய் பகல் முழுதும் அருகில் இல்லாத பிள்ளைகளுக்குப் பிணைப்பு தளர்ந்துதான் இருக்கும் என்ற பொருள்பட ஒரு வாக்கியமும் வந்திருக்கிறது. மகப்பேறு விடுப்பு முடிந்த மறுநாளே வேலைக்குத் திரும்பியவர் என் மனைவி. அன்று பிற்பகல் முழுதும் அவர் பேசவில்லை. இரவு, மகள் தூங்கிய பிறகு, “அப்ப நான் தப்பு பண்ணிட்டேனா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வாக்கியம் தவறானது. அதை இங்கே திருத்திச் சொல்வது என் கடமை. அமெரிக்காவில் 1,100க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து, அரசு ஆதரவுடன் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 1997இல் வெளியானது. பிறரிடம் குழந்தையை விட்டுச் செல்வது மட்டுமே பிணைப்பைத் தளர்த்துவதில்லை என்பதே அதன் முடிவு. தாயின் கவனமும் குறைந்து, பராமரிப்பின் தரமும் குறைவாகவோ நேரம் அதிகமாகவோ இருந்த இடங்களில்தான் வேறுபாடு தெரிந்தது. அதேபோல, சோதனையில் கண்ட வகைகளை அப்படியே எல்லா ஊருக்கும் பொருத்திவிட முடியாது. எட்டு நாடுகளில் நடந்த 32 ஆய்வுகளை 1988இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் தொகுத்துப் பார்த்தபோது, நாட்டுக்கு நாடு இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. தாயைவிட்டுப் பிரிந்தே பழகாத ஜப்பானியக் குழந்தைகளுக்கு அந்தச் சில நிமிடப் பிரிவே பெரும் அதிர்ச்சியாக இருந்திருக்கலாம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் படப்பதிவைப் பலமுறை பார்த்துத் தீர்மானிக்கும் ஒன்றை, சனிக்கிழமைக் காலையில் பன்னிரண்டு கேள்விகளால் பெற்றோரே தீர்மானிக்கலாம் என்று சொல்வது சரியன்று. மேலே சொன்ன மைன்ஸின் 2002ஆம் ஆண்டு ஆய்விலேயே, பிள்ளையின் பிற்காலப் புரிதலைப் பிணைப்பின் வகையைவிட, பொருந்திய பேச்சுதான் தெளிவாகச் சுட்டியது என்பதை அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அறையில் இருந்த வேலைக்குப் போகும் தாய்மார் எல்லாருக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாயாலும், குளிப்பாட்டும்போதும் தூங்க வைக்கும்போதும், பார்த்துப் பேச முடியும்.

இதை நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்தேன். பயிற்றுநர் நான்காம் வாரத் தொடக்கத்தில் எல்லார் முன்னிலையிலும் அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வினாத்தாளையும் இனிமேல் கொடுப்பதில்லை என்றார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அந்த வாரம் வராத ஒரு தாய்க்கு அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

நான்காம் வாரம் சொற்களே இல்லாத படப் புத்தகம். படத்தில் நடப்பதைப் பிள்ளைக்கு நாமே சொல்ல வேண்டும். டெட் ரஃப்மனும் இரு ஆய்வாளர்களும் 2002இல் செய்த ஆய்வின் வழிமுறையை ஒட்டியது இது. அவர்கள் 82 தாய்மாரைப் பிள்ளைகளுக்குப் படங்களை விவரிக்கச் சொல்லி, ஓராண்டில் மூன்று முறை பதிவு செய்தார்கள். தாய் முதலில் பேசிய ‘நினைக்கிறான், தெரியும், ஆசைப்படுகிறாள்’ போன்ற சொற்கள் பிள்ளையின் பிற்காலப் புரிதலைச் சுட்டின. பிள்ளையின் முந்தைய புரிதல் தாயின் பிற்காலப் பேச்சைச் சுட்டவில்லை. விவரமான பிள்ளைகளிடம் தாய்மார் அப்படிப் பேசுகிறார்களா, அப்படிப் பேசுவதால் பிள்ளைகள் விவரமாகிறார்களா என்ற பழைய ஐயத்துக்கு இது ஒரு நல்ல விடை. ஜூடி டன்னின் குழு 1991லேயே வீடுகளுக்குள் போய்க் கேட்டதும் இதே திசையைத்தான் காட்டியது: 33 மாத வயதில் வீட்டில் உணர்வுகளைப் பற்றியும் காரணங்களைப் பற்றியும் பேச்சுக் கேட்ட பிள்ளைகள், 40 மாத வயதில், ஒருவர் ஒன்றைத் தவறாக நம்பியிருப்பதை மற்றப் பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

இந்த வாரத்துக்கு என் மாமியாரும் வந்தார். மகள் அடம்பிடித்ததால் அழைத்துப் போனேன். தாத்தா பாட்டிகள் வரலாம் என்று அறிவிப்பில் எங்கும் இல்லை. வகுப்பின் மிகப்பெரிய விடுபடல் இதுதான் என்று கருதுகிறேன். எங்கள் மகளோடு பகல் முழுதும் பேசுவது நானோ என் மனைவியோ அல்லர். கிரீட்டிலும் சைப்ரசிலும் 1996இல் நடந்த ஆய்வு ஒன்று, அன்றாடம் பழகும் பெரிய உறவினரும் மூத்த பிள்ளைகளும் மிகுந்த வீடுகளில் குழந்தைகளின் மனம் அறியும் திறன் முன்னதாகவே தெரிவதைக் காட்டியிருக்கிறது. உடன்பிறந்தார் உள்ள பிள்ளைகளைப் பற்றி 1994லேயே இதுபோன்ற முடிவு வந்துவிட்டது. கூட்டுக் குடும்பத்தின் தடம் இன்னும் அழியாத தமிழ்க் குடும்பங்களுக்கென்று நடத்தும்போது, தாய், தந்தை, பிள்ளை என்ற மூவரை மட்டும் வைத்துத் திட்டமிடுவது பொருந்தாது.

வகுப்பில் தந்த தமிழ்த் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத் தாளை வரிக்கு வரி பெயர்த்து வைத்திருந்தார்கள். “நீ இப்போது எவ்வாறு உணர்கிறாய்?” என்று பிள்ளையிடம் கேட்கும்படி அதில் எழுதியிருந்தது. எந்த வீட்டில் யார் இப்படிக் கேட்பார்கள்? என் மாமியார் அதைக் கண்ணாடி போட்டு இருமுறை வாசித்துவிட்டு, “இது யாருக்கு மாப்பிள்ளை?” என்று என்னிடம் கேட்டார். தாளை மடித்து வைத்துவிட்டு அவர் புத்தகத்தைத் திறந்தார். படத்தில் ஒரு நாய் காலியான தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. “பாவம்டா செல்லம், சோறு இருக்கும்னு நினைச்சுக்கிட்டு ஓடி வந்திருக்கு. பாத்தா ஒன்னுமே இல்ல. ஏமாந்து போச்சு. அந்தப் பூனை தின்னுடுச்சாம், இதுக்குத் தெரியல.” நான்கே சிறு வாக்கியங்கள். பயிற்றுநர் எழுதுகோலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

நான் அந்த வாக்கியங்களைப் பல நாள் யோசித்தேன். ‘நினைச்சேன்’ என்பதற்கும் ‘நினைச்சுக்கிட்டு இருந்தேன்’ என்பதற்கும் நம் பேச்சில் வேறுபாடு உண்டு. “நீ வந்துட்டேன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்” என்று ஒருவர் சொன்னாலே, அந்த நினைப்பு பொய்த்துவிட்டது என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். சீனத்திலும் ‘தவறாக நினைத்தல்’ என்ற பொருளை உள்ளடக்கிய ‘யீவெய்’ என்ற வினை இருக்கிறது. கேள்வியை அந்த வினையைக் கொண்டு கேட்டபோது சீனம் பேசும் சிறு பிள்ளைகள் நன்றாக விடை சொன்னதாக 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. தமிழுக்கு இப்படி ஓர் ஆய்வு செய்தால் என்ன தெரியவரும் என்று அறிய ஆவலாக இருக்கிறது. அதோடு நமக்கு ‘ஆம்’ என்ற ஓரசை இருக்கிறது. ‘தின்னுடுச்சு’ என்றால் நான் பார்த்தது. ‘தின்னுடுச்சாம்’ என்றால் பிறர் வழி வந்தது. ஒருவருக்கு ஒரு செய்தி எப்படித் தெரிந்தது என்பதை நாள்தோறும் நூறு முறை குழந்தையின் காதில் போட்டுக்கொண்டே இருக்கிற மொழி இது. ‘ஏமாந்து போச்சு’, ‘கோவிச்சுக்கிட்டா’, ‘ஏங்கிப் போயிட்டான்’, ‘மனசு கேக்கல’ ஆகியவற்றை எந்தத் தாளிலும் அச்சடிக்க வேண்டியதில்லை. பாட்டிகளிடம் கேட்டாலே கிடைக்கும்.

இதில் எனக்கொரு கவலையும் உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகமாகப் பேசுவது ஆங்கிலம், தமிழ் 2.5 விழுக்காடு. ஆங்கிலத்தில் மனத்தைப் பற்றிப் பேச முடியாது என்று நான் சொல்லவில்லை. எந்த மொழியிலும் பேசலாம். ஆனால் பகல் முழுதும் பார்த்துக்கொள்பவருக்குத் தமிழ் மட்டும் சரளமாக வந்து, பிள்ளைக்குத் தமிழ் ஏவல்கள் மட்டும் புரியும் நிலைக்கு வந்துவிட்டால், அவர்களிடையே ‘சாப்பிடு, தூங்கு, தொடாதே’ என்பதைத் தாண்டி ஒன்றும் மிஞ்சாது. காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்து, வீட்டில் யாரோடும் சரளமாகச் சைகை மொழியில் பேச வழியில்லாமல் வளர்ந்த காது கேளாத பிள்ளைகள், பிறர் மனம் அறிவதில் பல ஆண்டு பின்தங்கியிருந்ததை 1995இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரின் பிள்ளைகளிடம் அந்தப் பின்னடைவு இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. நம் பிள்ளைகளின் நிலை அப்படி முற்றிலும் அடைபட்டதன்று. ஆயினும் உரையாடலின் கதவு சாத்தப்பட்டால் எது தடைபடுகிறது என்பதை அந்த ஆய்வு எனக்கு உணர்த்தியது. பாட்டியோடு தமிழ் பேசப் பழக்குவதை மரபைக் காக்கும் கடமையாக மட்டும் இதுவரை நான் பார்த்துவந்தேன். இப்போது அது மகளுக்கும் அவளை வளர்ப்பவருக்கும் இடையே மனம் விட்டுப் பேசும் வழியாகத் தெரிகிறது.

ஐந்தாம் வாரம் சோதனை விளையாட்டுகள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த விம்மரும் பெர்னரும் 1983இல் அமைத்த, சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகும் சிறுவனின் கதையைப் பொம்மைகளைக் கொண்டு நடத்தினார்கள். அவன் இல்லாத நேரத்தில் அம்மா சாக்லேட்டை இடம் மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகள் சாக்லேட் உண்மையில் இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். ஐந்து வயதில் பெரும்பாலானோர் அவன் வைத்த இடத்தைக் காட்டுவார்கள். 178 ஆய்வுகளை 2001இல் தொகுத்த ஹென்றி வெல்மனின் குழு, நாடுகளிடையே சற்று முன்பின்னாக இருந்தாலும் இந்த மாற்றம் எங்கும் நிகழ்வதைக் காட்டியது. கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து ஆகிய ஐந்து இடங்களில் நடந்து 2005இல் வெளியான ஆய்வும் ஐந்து வயதையொட்டியே இதைக் கண்டது. சில பெற்றோர் பிள்ளைக்கு விடையைக் காதில் ஓதிக் கொடுக்க முயன்றதைப் பார்க்கக் கவலையாக இருந்தது; இது தேர்வன்று என்பதைப் பயிற்றுநர் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஆறாம் வாரம் பிள்ளைகளின் சண்டையும் சமாதானமும். நேரம் போதவில்லை, குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

அந்தச் சோதனையை நான் வீட்டில் வேறுவிதமாகச் செய்து பார்த்தேன். எங்கள் வீட்டில் நீல நிற வட்ட பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. எல்லார் வீட்டிலும் இருக்கும். உள்ளே ஊசி, நூல்கண்டு, பித்தான்கள். வகுப்பு தொடங்கிய வாரத்தில் மகளிடம் அதைக் காட்டி என்ன இருக்கும் என்றேன். “பிஸ்கட்!” திறந்து காட்டினேன். முகம் சுருங்கிற்று. மூடிவிட்டு, “எதிர்வீட்டு அண்ணா இதைத் தொறந்து பாத்ததே இல்ல. அண்ணாகிட்ட காட்டினா உள்ள என்ன இருக்குன்னு நினைப்பான்?” என்றேன். “நூல்” என்றாள், சற்றும் தயங்காமல். “முதல்ல நீ என்ன இருக்கும்னு நினைச்ச?” “நூல்தான்.” தான் ஒரு நொடி முன்பு ஏமாந்ததே அவள் நினைவில் இல்லை. ஆலிசன் கோப்னிக் உள்ளிட்டோர் மிட்டாய்ப் பெட்டிக்குள் பென்சில் வைத்துச் செய்த சோதனையில் மூன்று வயதுப் பிள்ளைகள் சொன்ன அதே விடை என் கூடத்துத் தரையில் கிடைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆறு வாரம் முடிந்த பிறகும் அவள் அதையேதான் சொல்கிறாள். அதில் எனக்கு ஏமாற்றமில்லை. அவளுக்கு இன்னும் நான்கு வயது ஆகவில்லை. ஆறு வாரத்தில் பிள்ளை தாவிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். மாறியது என் பேச்சு. கடைசி வாரம் மறுபடியும் பத்து நிமிடம் பதிவு செய்தார்கள். ஐம்பத்தாறு வாக்கியங்கள்தான் இருந்தன. நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த நேரம் கூடியிருந்தது. கேள்விகள் பதினேழு. மனத்தைப் பற்றியவை பதினொன்று. அவற்றில் ஒன்பது பொருந்தியவை என்று பயிற்றுநர் குறித்திருந்தார்.

சில நடைமுறைத் தகவல்கள். தள்ளுவண்டியை நிறுத்த வெளியே இடம் உண்டு. குளிரூட்டி கடுமையாக இருக்கும், பிள்ளைக்கு ஒரு மேல்சட்டை எடுத்துச் செல்லுங்கள். படப்பதிவுகளை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதை எழுத்தில் தருகிறார்கள். நான் கேட்காமலேயே தந்தார்கள். காட்டிய காணொளிகளில் ஒன்றுகூட உள்ளூர்க் குழந்தைகளுடையதில்லை. கே.கே. மகளிர், குழந்தைகள் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீன, மலாய், இந்தியத் தாய்மாரையும் அவர்களின் பிள்ளைகளையும் தொடர்ந்துவரும் கஸ்டோ ஆய்வு நம் ஊரிலேயே இருக்கும்போது, அதைப் பற்றி ஒரு சொல்லேனும் சொல்லியிருக்கலாம்.

கருத்துப் படிவத்தில் மூன்று வேண்டுகோள்கள் எழுதினேன். பாட்டி தாத்தாக்களைப் பெயர் சொல்லி அழையுங்கள். தமிழ்த் தாளை மொழிபெயர்க்காமல், தமிழ் வீடுகளில் கேட்டு எழுதுங்கள். பிணைப்பு வகுப்பை இரண்டு வாரமாக்குங்கள். கூடவே, என் மாமியார் வீட்டில் சொல்லக் கேட்ட ஒன்றையும் எடுத்துக்காட்டாக எழுதி வைத்தேன். மாலையில் மின்தூக்கி எங்கள் மாடியில் நிற்கும் சத்தம் கேட்டதும் மகள் வாசலுக்கு ஓடி, இரும்புக் கதவின் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொள்வாள். வருவது பெரும்பாலும் வேறு யாராவதாக இருக்கும். அப்போது மாமியார் அடுப்படியிலிருந்து வந்து அவளைத் தூக்கிக்கொண்டு சொல்வார்: “அம்மாதான் வந்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டியா, என் தங்கம்? லிஃப்ட் சத்தம் உன்னை ஏமாத்திடுச்சா? அம்மாவும் இந்நேரம் உன்னத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பாங்க, டிரெயின்ல.”

போன வாரம் நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். அடுத்த தொகுதிக்கான தமிழ்த் தாளில் அந்த வாக்கியங்களைச் சேர்க்கலாமா என்று மாமியாரிடம் கேட்டுச் சொல்லும்படி வேண்டினார்கள். கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “இதுல எழுதறதுக்கு என்ன மாப்பிள்ளை இருக்கு, எல்லாரும் சொல்றதுதானே?” என்றார். பிறகு, சற்று யோசித்து, “போடச் சொல்லுங்க” என்றார்.